எதை விடுவது? சிறிய கல்லூரிகளில் கணினிப் படிப்பு பிறந்த கதை

1950களின் பிற்பகுதி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூர். அங்கே 1769 முதல் நடந்துவரும் டார்ட்மவுத் கல்லூரியில் தாமஸ் கர்ட்ஸ் என்ற இளம் கணித ஆசிரியர் வேலை பார்த்தார். துளையட்டைகள் அடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் பாஸ்டனுக்கு ரயிலேறுவார். பாஸ்டனை ஒட்டியுள்ள எம்ஐடி கல்விக்கழகத்தில் ஐபிஎம் 704 என்ற பெரிய கணினி இருந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. கர்ட்ஸ் அட்டைகளைக் கொடுப்பார். முறை வரும்போது அவை இயந்திரத்துக்குள் போகும். அச்சான தாள்கள் வெளியே வரும். அவற்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார். எங்கோ ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால், திருத்தி ஓட்ட அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

கணினியைப் பற்றிச் சிறிய கல்லூரி ஒன்று அன்று அறிந்திருந்தது இவ்வளவுதான்: அது வேறு ஊரில் இருக்கிறது, அதைத் தொட வல்லுநருக்கு மட்டுமே அனுமதி. இந்த நிலையிலிருந்து, ஆயிரம் இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் இரண்டு மூன்று ஆசிரியர்களைக் கொண்டே முழுமையான கணினி அறிவியல் பட்டப்படிப்பு நடத்தலாம் என்ற நிலைக்கு வரக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. பெரிய இயந்திரமோ பெரும் பணமோ அதை உண்டாக்கிவிடவில்லை. கல்லூரி ஆசிரியர்கள் விடாமல் கேட்ட இரண்டு கேள்விகள்தான் உண்டாக்கின. இந்தப் படிப்பு யாருக்கு? இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

முதல் கேள்வியை எழுப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் கெமெனி. 1926இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். நாஜிகளின் அச்சம் சூழ்ந்திருந்த 1940இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த இளைஞரை இரண்டாம் உலகப்போர் லாஸ் அலமோஸுக்கு இழுத்தது. அணுகுண்டுத் திட்டத்துக்காக, ஐபிஎம் அட்டை இயந்திரங்களை வைத்து இரவும் பகலும் கணக்குப் போட்ட குழுவில் அவரும் ஒருவர். போருக்குப் பின் பிரின்ஸ்டன் திரும்பி, தர்க்கவியலாளர் அலான்சோ சர்ச்சின் வழிகாட்டலில் 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்திலேயே ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார். முப்பது வயதுக்குள் டார்ட்மவுத் கணிதத் துறையின் தலைவரானார். 1956இல் கர்ட்ஸை அங்கே சேர்த்துக்கொண்டவரும் அவரே.

கெமெனிக்குப் பாடத்திட்டம் வகுப்பதில் தனி ஆர்வம். கல்லூரியில் கணிதம் என்றாலே கால்குலஸ் என்றிருந்த காலம் அது. தர்க்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள் ஆகியவற்றைச் சமூகவியல் மாணவருக்கும் புரியும்படி தொகுத்து, ஸ்நெல், தாம்சன் என்ற இருவரோடு சேர்ந்து 1957இல் ஒரு பாடநூலை வெளியிட்டார். எண்ணி முடிக்கக்கூடிய பொருள்களைப் பற்றிய கணிதம் என்று அதைச் சொல்லலாம். இன்று கணினி மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் 'டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்' அதற்கு நெருங்கிய உறவு. அந்த உறவின் பயன் இந்தக் கதையின் பிற்பகுதியில் தெரியும்.

1959இல் டார்ட்மவுத்துக்கு எல்ஜிபி-30 என்ற சிறிய கணினி வந்தது. மேசை அளவுதான் இருக்கும். சுழலும் உருளையில் 4,096 சொற்கள் மட்டுமே பதியக்கூடிய நினைவகம். இளநிலை மாணவர் சிலர் கையில் அதைக் கொடுத்தபோது யாரும் எதிர்பாராதது நடந்தது. அல்கால் என்ற நிரல்மொழியின் சுருக்கப்பட்ட வடிவத்துக்கு, அதில் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை அவர்களே எழுதிவிட்டார்கள். பெரிய நிறுவனங்களில் அனுபவசாலிகள் குழுவாக அமர்ந்து செய்துவந்த வேலை அது. நல்ல மாணவரிடம் நல்ல இயந்திரத்தை நம்பி ஒப்படைத்தால் தொழில்முறை வல்லுநருக்கு நிகராக உழைப்பார் என்பதைக் கர்ட்ஸ் அப்போது கண்டுகொண்டார்.

அவருக்கு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது எம்ஐடியின் ஐபிஎம் 704. ஒரு கணக்குக்கான நிரலை இயந்திரத்துக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதினால் கணினி நேரம் மிச்சமாகும் என்று நம்பி, மாதக்கணக்கில் போராடினார். நேரம் கரைந்ததே தவிர விடை வரவில்லை. பிறகு அதையே ஃபோர்ட்ரானில் எழுதியபோது ஐந்து நிமிட இயந்திர நேரத்தில் விடை வந்தது. மனிதருக்கு எளிதான மொழி இயந்திரத்தின் நேரத்தையும் மிச்சப்படுத்தும் என்பது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1962 வாக்கில் கர்ட்ஸ் கெமெனியிடம் ஒரு யோசனையை வைத்தார்: டார்ட்மவுத்தில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கணினியைக் கையாளக் கற்க வேண்டும். அந்த மாணவர்களில் அறிவியலும் பொறியியலும் எடுத்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல் படிப்பவர்கள். நாளை அரசிலும் நிறுவனங்களிலும் முடிவெடுக்கும் நாற்காலிகளில் அமரப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். கணினியைத் தொட்டே பாராதவர், அதைப் பற்றி எப்படிச் சரியான முடிவெடுப்பார்? இதுவே இருவரின் வாதம். பர்டூ பல்கலைக்கழகம் அதே 1962இல்தான் அமெரிக்காவின் முதல் கணினி அறிவியல் துறையைத் தொடங்கியது. துறைகள் அப்போதுதான் முளைவிடுகின்றன. அதற்குள் ஒரு கல்லூரி, கணினி எல்லாருக்கும் என்கிறது.

எல்லாருக்கும் என்றால் துளையட்டை முறை உதவாது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அட்டைக்கட்டோடு வரிசையில் நின்றால் யாருக்கும் கற்றல் நடக்காது. முன்பு டார்ட்மவுத்தில் பணியாற்றி எம்ஐடிக்குப் போயிருந்த ஜான் மெக்கார்த்தி கர்ட்ஸுக்கு வழி சொன்னார்: கணினியின் நேரத்தைப் பலருக்குத் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொடுங்கள். ஒருவரின் நிரலைச் சிறிது நேரம் ஓட்டு, நிறுத்து, அடுத்தவருடையதை எடு. சுழற்சி வேகமாக இருந்தால், இயந்திரம் தனக்காகவே இயங்குவதாக ஒவ்வொருவருக்கும் தோன்றும்.

தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்கள். இளநிலை மாணவர்களை வைத்தா இப்படிப்பட்ட அமைப்பை உருவாக்கப்போகிறீர்கள் என்று மதிப்பீட்டாளர்கள் ஐயப்பட்டார்கள். ஆனாலும் நிதி வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு இயந்திரங்கள் 1964 தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. டேட்டாநெட்-30 என்ற இயந்திரம், டெலிடைப் என்ற தட்டச்சு முனையங்களில் மாணவர் தட்டும் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும். யாருக்கு எப்போது முறை என்பதையும் பார்த்துக்கொள்ளும். ஜிஇ-225 கணக்குகளைப் போடும். இரண்டையும் இணைத்து இயக்கும் மென்பொருளை எழுதியவர்களில் முதன்மையானவர்கள் மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி என்ற இரண்டு இளநிலை மாணவர்கள்.

இனி மாணவர் எந்த மொழியில் எழுதுவது? ஃபோர்ட்ரானையே சுருக்கித் தரலாம் என்று முதலில் பார்த்தார்கள். அதில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் வரி 'டூ 100 ஐ = 1, 10, 2' என்று இருக்கும். முதலில் தொடக்கமா, முடிவா? தாண்டும் அளவு நடுவில் வருமா, கடைசியிலா? 100க்குப் பின் காற்புள்ளி உண்டா? வாரம் முழுக்க நிரல் எழுதுகிறவருக்கு இதெல்லாம் பழகிவிடும். மாதம் ஒருமுறை கணினிப் பக்கம் வரும் வரலாற்று மாணவர் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதுதான். ஆகவே 'ஃபார் ஐ = 1 டு 10 ஸ்டெப் 2' என்று வைத்தார்கள். ஒன்று முதல் பத்து வரை, இரண்டிரண்டாக. ஆங்கிலம் அறிந்த யாருக்கும் ஒருமுறை படித்தால் மறக்காது.

எக்ஸ் என்ற பெட்டியில் ஒரு மதிப்பை இடவேண்டுமானால் 'லெட் எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுத வேண்டும். முன்னால் நிற்கும் 'லெட்' என்ற சொல்லுக்கு வலுவான காரணம் உண்டு. பள்ளிக் கணிதம் படித்த மாணவர் 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்பதைத் தனியே பார்த்தால் தீர்வில்லாத சமன்பாடு என்றே எண்ணுவார். 'லெட்' வந்ததும் அது கட்டளையாகிவிடுகிறது. முழு எண் வேறு, தசம எண் வேறு என்று மாணவர் பிரித்து அறிவிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 20ஆம் வரி தவறென்றால் 20 என்று தட்டி மறுபடி எழுதினால் போதும். பழையது போய்ப் புதியது வந்துவிடும். 10க்கும் 20க்கும் நடுவே ஒன்றை நுழைக்க வேண்டுமா? 15 என்று போட்டு எழுதலாம். எழுதி முடித்து 'ரன்' என்று தட்டினால் சில நொடிகளில் விடையோ, தவறு எங்கே என்ற குறிப்போ அச்சாகும். பாஸ்டன் ரயிலுக்குக் காத்திருந்த நாள்கள் நொடிகளாகச் சுருங்கிவிட்டன.

அந்த மொழிதான் பேசிக். 1964 மே 1, அதிகாலை நான்கு மணி. கல்லூரியின் காலேஜ் ஹால் கட்டட அடித்தளத்தில் இரண்டு டெலிடைப்புகளில் ஒரே நேரத்தில் இரண்டு பேசிக் நிரல்களை ஓட்டினார்கள். இரண்டுக்கும் சரியான விடை வந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே நூற்றுக்கணக்கான முதலாண்டு மாணவர்கள் பேசிக் கற்றார்கள். அதற்காகத் தனித் துறையோ தனிப் பட்டமோ தொடங்கவில்லை. முதலாண்டுக் கணிதப் பாடத்துக்குள்ளேயே நிரல் எழுதுவதற்கு ஓரிரு விரிவுரைகள், பிறகு டெலிடைப்பில் செய்துவர வேண்டிய வீட்டுப்பாடங்கள், அவ்வளவே. எஞ்சியதை மாணவர் தம் கையால் தட்டித் தவறு செய்து திருத்திக் கற்றார்கள். நூலக அலமாரிகள் எல்லாருக்கும் திறந்திருப்பதைப் போலக் கணினி அறையும் திறந்திருக்க வேண்டும் என்பது கெமெனி, கர்ட்ஸ் இருவரின் கொள்கை. எதற்காக வேண்டும் என்று யாரும் கேட்காமலே மாணவர் நூலகத்தில் புத்தகம் எடுப்பதில்லையா? அதேபோல எந்த மாணவரும் நேரே வந்து டெலிடைப்பில் உட்காரலாம். பயன்படுத்திய நேரத்துக்கு அவரிடம் கட்டணம் கிடையாது. விளையாடினால்கூட யாரும் விரட்டமாட்டார்கள். கணினி நேரத்தை நொடிக்கணக்கில் விலைபேசிய அந்நாளில் இது துணிச்சலான முடிவு.

பிறகு தொலைபேசிக் கம்பிவழியே வட்டாரப் பள்ளிகளும் சிறிய கல்லூரிகளும் இதில் இணைந்தன. மவுண்ட் ஹோலியோக், மிடில்பரி, பேட்ஸ், போடன் ஆகியவற்றின் மாணவர்கள் தங்கள் வளாகத்தில் இருந்தபடியே ஹானோவரின் இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். சொந்தக் கணினி வாங்க முடியாத கல்லூரியிலும் கணினிப் பாடம் நடத்தலாம் என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது. பேசிக்கும் கட்டணமின்றிப் பரவியது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளின் மொழியும் பேசிக்தான். அதன் பின் பல ஆண்டுகள் நம் ஊர்க் கணினி மையங்களில் பிள்ளைகள் '10 பிரிண்ட்' என்று முதல் வரியைத் தட்டினார்கள். அவர்களின் பாடத்துக்கும் வேர் அந்தக் கணித வகுப்பில்தான் இருக்கிறது.

டார்ட்மவுத் பெயரளவில் கல்லூரியானாலும் வசதியுள்ள இடம். அன்று ஆண்கள் மட்டுமே படித்த இடமும்கூட. உண்மையிலேயே சிறிய ஒரு கல்லூரியில் கணினிக்கென்று தனித் துறையை உருவாக்கியவர் ஒரு கன்னியாஸ்திரி. மேரி கென்னத் கெல்லர் 1913இல் கிளீவ்லாந்தில் பிறந்து, 1932இல் கன்னியர் சபையில் சேர்ந்தவர். கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டங்கள் பெற்று, ஐம்பது வயதைத் தாண்டி, 1965 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். நேரே தம் சபையின் கல்லூரிக்குப் போனார். அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான டுபியூக்கில் உள்ள கிளார்க் கல்லூரி, அப்போது பெண்கள் கல்லூரி. அதே ஆண்டு அங்கே கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் தலைமை தாங்கினார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வருவதை அவர் ஊக்குவித்ததைக் கல்லூரி இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. தகவல் பெருகிக்கொண்டே போகிறது, தேவைப்படும்போது எடுக்க முடியாவிட்டால் அது பயனற்றது, எடுக்கும் வழியே கணினி என்று அவர் கருதினார். அதனால்தான் ஆசிரியைகளுக்கும் நூலகத் துறையினருக்கும் அது தேவை என்று வற்புறுத்தினார். யாருக்கு என்ற கேள்விக்குப் பெண்களுக்கும், தாய்மார்களுக்கும், வருங்கால ஆசிரியைகளுக்கும் என்று கிளார்க் கல்லூரி விடை சொன்னது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினம். ஒரு பாடம் நடத்துவது வேறு, பட்டப்படிப்பு நடத்துவது வேறு. கணினி வல்லுநர்களின் சங்கமான ஏசிஎம், வில்லியம் அட்சிசன் தலைமையில் குழு அமைத்து, 1968இல் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. நான்கு அடிப்படைப் பாடங்கள், ஒன்பது இடைநிலைப் பாடங்கள், ஒன்பது உயர்நிலைப் பாடங்கள், மொத்தம் 22. கணினி அறிவியல் என்று ஓர் அறிவியல் இருக்கிறது, அதற்கு இன்னின்ன உறுப்புகள் உண்டு என்று வரையறுத்துக் காட்டிய ஆவணம் அது. துறையின் வரலாற்றில் அதன் இடம் பெரியது. ஆனால் பெரிய பல்கலைக்கழகத்தின் அளவுக்குத் தைத்த சட்டம் அது. கணிதத் துறையில் ஐந்தாறு பேர், அவர்களில் கணினி அறிந்தவர் ஒருவர் என்றிருக்கும் கல்லூரி, 22 பாடத்துக்கு எங்கே போகும்?

இதை ஏசிஎம்மும் உணர்ந்தது. சிறிய கல்லூரிகளின் சிக்கலை ஆராய 1969இல் தனியே ஒரு துணைக்குழுவை அமைத்தது. 1973இல் ரிச்சர்ட் ஆஸ்டிங், ஜெரால்ட் எங்கல் இருவரும் அதன் அறிக்கையை எழுதினார்கள். 22க்குப் பதில் நான்கு பாடங்களை அது விரிவாக விளக்கியது: அல்காரிதமும் நிரலெழுதலும், கணினியின் பயன்களும் சமூகத்தின்மீது அதன் தாக்கமும், இயந்திர அமைப்பு, தரவுகளையும் கோப்புகளையும் அடுக்கும் முறை. ஆசிரியர் குறைவாக இருக்கும்போது இவற்றை எப்படி நடத்துவது என்றும் பேசியது. நூலகத்தில் வாங்கி வைக்க வேண்டிய புத்தகங்களின் நீண்ட பட்டியலையும் சேர்த்தது. புத்தகப் பட்டியலை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். பெருநகரத்திலிருந்து விலகி, கேட்டறியச் சக ஆசிரியர் இல்லாமல், தனியாக இந்தப் புதிய துறையைக் கற்றுக்கொண்டே கற்பிக்கப்போகும் யாரோ ஒருவரை மனத்தில் வைத்து அதைத் தொகுத்திருக்கிறார்கள். நான்கில் ஒன்றைச் சமூகத் தாக்கத்துக்கு ஒதுக்கியதும் கவனிக்கத்தக்கது. இடம் அவ்வளவு குறைவாக இருந்தும் அதை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஏசிஎம்மின் அடுத்த திட்டம் '78ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் என்ற பெயரில் 1979இல் வெளியானது. மையப் பாடங்கள் எட்டு. நிரலெழுதல், கணினி அமைப்பு, கோப்புகள் என்று கைவேலைப் பக்கம் சாய்ந்தது. கணிதம் விளிம்புக்குப் போயிற்று. எது கணிக்கக்கூடியது என்று ஆராயும் ஆட்டோமேட்டா பாடம் 16ஆம் எண்ணில் விருப்பப் பாடமாக ஒதுங்கியது. 1980இல் ஆந்தனி ரால்ஸ்டனும் மேரி ஷாவும் இதை எதிர்த்து எழுதினார்கள். கணினி அறிவியல் என்ன, அவ்வளவு கணிதமற்ற துறையா என்பது அவர்கள் கேள்வி. சிறிய கல்லூரி ஆசிரியர்களில் பலர் கணிதத் துறையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மனத்தில் இருந்ததும் இதே கேள்விதான்.

அதே சமயம் வேறொரு நெருக்கடி. 1980களின் தொடக்கத்தில் கணினிப் படிப்புக்கு மாணவர் கூட்டம் அலைமோதியது. முனைவர் பட்டம் பெற்றவர்களோ நல்ல சம்பளம் தந்த நிறுவனங்களுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் போனார்கள். சிறிய கல்லூரிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. கணித ஆசிரியர்களையே மறுபடி மாணவர்களாக்குவது என்று கணிதச் சங்கமும் ஏசிஎம்மும் முடிவு செய்தன. நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறைகளில் வகுப்புகள் நடந்தன. பல ஆண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்து, ஊர் திரும்பித் தங்கள் கல்லூரியில் அதை நடத்தினார்கள். சிறிய கல்லூரிகளின் கணினித் துறைகள் பலவற்றுக்கு அந்தக் கோடைகள்தான் அடித்தளம்.

இந்த நிலையில்தான் 1984இல் ஸ்லோன் அறக்கட்டளையின் ஆதரவோடு கலைக்கல்லூரிகளின் கணினி ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். தங்கள் கல்லூரிகளுக்கான பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதுவது என்று முனைந்தார்கள். அது 1986 மார்ச்சில் வெளிவந்தது. எழுதியவர்கள் நார்மன் கிப்ஸும் ஆலன் டக்கரும். சிறிய கல்லூரியின் கணினிப் பட்டப்படிப்பு பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவர்கள் எதிர்கொண்ட கட்டுப்பாடு தெளிவானது. கலைக்கல்லூரியில் ஒரு மாணவரின் மொத்தப் பாடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் முதன்மைத் துறைக்கு. மிச்சம் மொழி, வரலாறு, தத்துவம், கலை, அறிவியல். கணினிக்காக இதை மீறுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. ஆகவே ஏறத்தாழ பத்துப் பாடத்துக்குள் முழு அறிவியலையும் உணர்த்தியாக வேண்டும். முதலில் நிரலெழுதலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் கற்றுத்தரும் இரண்டு அறிமுகப் பாடங்கள். கூடவே டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ். பிறகு மையமாக நான்கு: கணினி அமைப்பின் கோட்பாடுகள், அல்காரிதம்கள், கணிப்பியல் கோட்பாடு, நிரல்மொழிகளின் கோட்பாடுகள். அதன் மேல் ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், செயற்கை அறிவு போன்ற விருப்பப் பாடங்கள். இந்த வரிசையில் இருப்பவற்றை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்தினால் ஆசிரியர் சிலரே போதும்.

இந்த நான்கும் ஏன்? அல்காரிதம் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அகரவரிசையில் பத்து லட்சம் பெயர்கள். ஒரு பெயரைத் தேட முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் ஒப்பீடு வரை ஆகலாம். நடுவில் பார்த்து, பாதியைத் தள்ளி, மிச்சத்தின் நடுவில் பார்த்து என்று போனால் இருபது ஒப்பீட்டில் முடிந்துவிடும். இந்த வேறுபாடு 1986இன் கணினியிலும் உண்மை, இன்றைய கைப்பேசியிலும் உண்மை. எந்த மொழியில் எழுதினாலும் மாறாது.

கணிப்பியல் கோட்பாடு இதைவிட ஆழமானது. எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று சொல்லும் ஒரு நிரலை எழுத முடியுமா? முடியாது என்று 1936இலேயே ஆலன் டூரிங் நிறுவினார். அதே ஆண்டு வேறு வழியில் நெருங்கிய முடிவுக்கு வந்தவர் அலான்சோ சர்ச், கெமெனியின் ஆசிரியர். கணினிகள் பிறப்பதற்கு முன்பே கணினியால் முடியாதது எது என்று மனித மனம் கண்டறிந்துவிட்டது. இருபது வயது மாணவர் ஒருவர் இதை நிறுவலோடு கற்கும்போது, தாம் கற்பது கருவியை ஓட்டும் பயிற்சியைவிடப் பெரிது என்று உணர்கிறார். '78 திட்டத்தில் விளிம்பில் நின்ற இந்தப் பாடத்தைச் சிறிய கல்லூரிகள் நடுவில் கொண்டுவந்து வைத்தன. கெமெனி 1957இல் சமூகவியல் மாணவருக்கும் சேர்த்து எழுதிய கணிதத்தின் வழித்தோன்றல், இப்போது கணினி மாணவரின் முதல் படியாக நின்றது.

அவர்கள் விட்டவையும் நிறைய. கோப்புகளைக் கையாளும் பாடம் கட்டாயப் பட்டியலில் இல்லை. குறிப்பிட்ட நிறுவனத்தின் இயந்திரத்துக்கோ, வேலைச் சந்தை அந்த ஆண்டு கேட்ட மொழிக்கோ தனிப் பாடம் இல்லை. இவையெல்லாம் பயனற்றவை என்பதால் விடவில்லை. அடிப்படை அறிந்தவர் இவற்றை வேலைக்குப் போன இடத்தில் சில மாதங்களில் கற்றுக்கொள்வார். அடிப்படையை அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரமாட்டார்கள். ஒரு பாடத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், இது இல்லாவிட்டால் மாணவருக்கு எது கிடைக்காமல் போகும் என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கிய திட்டம் அது.

அது தாங்கி நின்றதற்குச் சான்று பிறகு வந்த பதிப்புகள். கலைக்கல்லூரி ஆசிரியர்களின் அந்தக் குழு 1996இலும் 2007இலும் திட்டத்தைப் புதுப்பித்தது. இடையில் பாஸ்கல் மொழி வழக்கொழிந்தது, இணையம் வந்தது, ஜாவா வந்தது. நிரல்மொழி மாறிற்று, விருப்பப் பாடங்கள் மாறின. சில கோட்பாடுகளை ஆழமாக, கணிதத்தோடு, குறைந்த பாடங்களில் கற்பிப்பது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

இன்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய தொழில்நுட்பம் வகுப்பறைக் கதவைத் தட்டுகிறது. அதற்கென்று ஒரு பேப்பர் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடியும் உடன் வருகிறது. பட்டப்படிப்பை மூன்றோ நான்கோ ஆண்டுகளுக்கு மேல் நீட்ட முடியாது. ஆகவே ஒன்று உள்ளே வர மற்றொன்று வெளியே போக வேண்டும். எது போகலாம் என்பதை ஆரவாரத்தை வைத்து முடிவு செய்தால், அடிப்படைதான் முதலில் போகும். அது குரல் எழுப்பாது. வசதி குறைந்த கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் குறையையே அளவுகோலாக்கிச் செய்துகாட்டிய தேர்வு, வசதி நிறைந்த இடங்களுக்கும் தேவைப்படுகிறது. எல்லா மாணவருக்கும் கதவைத் திற. உள்ளே வந்தவருக்குப் பத்தாண்டு கழித்தும் செல்லுபடியாகும் பொருளைக் கொடு. பாடத்திட்டக் குழுவில் உட்காரும் ஒவ்வோர் ஆசிரியரும், எதைச் சேர்ப்பது என்று பேசத் தொடங்கும் முன் எதை விடவே கூடாது என்பதை எழுதி வைத்துக்கொண்டால், அந்த முப்பதாண்டு உழைப்புக்கு உரிய மரியாதையைச் செலுத்தியவர் ஆவார்.